ஸ்டேஷன் பாத்ரூமைத் தேய்க்கப் போனேன்

ராஜபாளையம்

சிரஞ்சீவி நம்பிக்கு அம்மா மனதார ஆசீர்வதித்து எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை. நீயும் ஜனனியும் குழந்தைகளும் ஆண்டாள் கிருபையால் அந்தக் குளிரிலும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு திருத்தம். நான் எஸ்.ஐ.யை விளக்குமாற்றால் அடித்தேன் என்று உன் பெரியப்பா மகன் லக்ஷ்மண் உனக்குச் சொன்னானாம், தெருவிலும் அதே பேச்சு. ஸ்டேஷனுக்கு விளக்குமாறு கொண்டு போனது உண்மை. அடிக்க அல்ல, தேய்க்க. கூடவே ஒரு வாளியும் பிளீச்சிங் பவுடரும் இருந்தன, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆட்டோ பெலிக்ஸை உனக்கு நினைவிருக்கும், போன தடவை உங்களையெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைச் சேவிக்கக் கூட்டிப் போனவன். கார்த்திகையில் ஒரு நாள் நான் உயிரோடிருக்கிறேன் என்று பென்ஷனுக்காகக் கையெழுத்துப் போட பாங்குக்குப் போயிருந்தேன். அவன் வாசலில் காத்திருந்தான். வண்டியை எடு என்று எஸ்.ஐ. சொல்ல, இவன் "உள்ள அம்மா இருக்காவ சார், செத்த நேரம், கூட்டிட்டுப் போயிருதேன்" என்றான். அப்போது நான் வெளியே வந்துவிட்டேன். அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிட்டதையும் அப்படியே ஜீப்பில் தள்ளப்பட்டதையும் என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் வலது கையில் மாவுக்கட்டு. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டானாம். அவன் மனைவி செல்லக்கனி பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறவள், வீட்டுக்கு வந்து அழுதாள். "லத்தி வச்சு அடிச்சாங்கன்னு அவிய சொல்லுதாவ. யாரும்மா நம்புவா?" என்றாள்.

ஒருவர் சொல்வதை முதலில் அப்படியே ஏற்றுக்கொள், பிறகு நேரில் போய்ச் சோதித்துப் பார் என்று நான் படித்த கான்வென்ட் ஹாஸ்டலில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். விசாரித்துப் பார்த்தேன். அந்த பாத்ரூமில் இதற்கு முன்பும் பலர் விழுந்திருக்கிறார்கள், எல்லோரும் கையைத்தான் முறித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் தினமும் புழங்கும் போலீஸ்காரர் ஒருவர்கூட வழுக்கியதில்லை. பொதுமக்களுக்கு மட்டும் ஆபத்தான ஒரு தரை ஊர் நடுவில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா. போனேன். எஸ்.ஐ. எழுந்து நாற்காலி போட்டார், மரியாதையில் குறை சொல்ல மாட்டேன். பாத்ரூம் எங்கே என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. அழகுத்தாய் என்று ஒரு ஏட்டம்மா ஓடிவந்து என் வாளியைப் பிடித்துக்கொண்டு, "கதவத் தொறந்துராதீங்கம்மா, அம்புட்டும் வெளிய வந்துரும்" என்றாள். அதற்குள் நான் தாழ்ப்பாளை நீக்கிவிட்டேன். உள்ளே முழுக்கச் சேவல்கள். போன வருஷப் பொங்கலில் நடந்த சேவல் சண்டையில் பிடித்தவை, வழக்குச் சொத்து என்பதால் விற்கவும் முடியாது விடவும் முடியாது, அன்றிலிருந்து அங்கேதான் குடித்தனம். குழாயில் தண்ணீரே வருவதில்லை, போலீஸ்காரர்கள் டீக்கடைக்குப் பின்புறம் போய் வருகிறார்கள். தரையில் கணுக்கால் உயரத்துக்கு உமியும் எச்சமும் காய்ந்து கிடந்தன. அங்கே வழுக்கி விழ ஒருவன் மிகவும் பாடுபட வேண்டும். சேவல்கள் ஸ்டேஷன் முழுக்கப் பறக்க, கையில் விளக்குமாறு இருந்ததால் விரட்டி உள்ளே அடைக்க உதவினேன். நடுவில் எஸ்.ஐ. குறுக்கே வந்தார். அதைத்தான் ஊர் அடி என்கிறது.

பிறகு பெலிக்ஸின் புகாரின் பேரில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாஜிஸ்திரேட் விசாரணை தொடங்கியதும் போலீஸ் தரப்பு கதையை மாற்றியது. வழுக்கவில்லையாம், பாத்ரூமுக்குப் போனவனைச் சேவல் துரத்தியதாம், ஓடி விழுந்தானாம். எந்தச் சேவல் என்று மாஜிஸ்திரேட் கேட்டார், கொண்டுவரச் சொன்னார். கூடையில் வந்தவற்றில் ஒரு செஞ்சேவலை எஸ்.ஐ. தயங்காமல் அடையாளம் காட்டினார். அழகுத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "அய்யா, அது சண்டையில கால் போனது. நிக்கவே மாட்டாது, நாந்தான் தூக்கி வச்சு இரை கொடுக்கேன்" என்று சொல்லிவிட்டாள். பாவம், அவளை மறு வாரமே எங்கோ மலையடிவாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். எஸ்.ஐ. அதே நாற்காலியில் இருக்கிறார்.

சிரிக்காதே, இனிமேல்தான் விஷயம். சேவல் போகட்டும், பிடிக்கும்போதே அவன் திமிறிக் கை முறிந்திருக்கலாம் அல்லவா என்று அவர்கள் வக்கீல் கேட்டார். பாங்க் வாசல் கேமரா அன்று ரிப்பேராம். ஜீப்பில் ஏறும்வரை அவன் இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டதைப் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான், மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். உடனே வக்கீல், இந்த அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லை, வெளிநாட்டிலிருக்கும் சொந்த மகனே எஸ்.ஐ.யிடம் போனில் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றார். லக்ஷ்மண்தான் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறான், எனக்குத் தெரியும். எனக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று நினைத்துச் சொல்லியிருப்பாய். பெலிக்ஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அவனால் ஆக்ஸிலரேட்டரை முறுக்க முடியவில்லை, அரசு ஊழியரைத் தடுத்தான் என்று அவன் மேலேயே வழக்கும் போட்டிருக்கிறார்கள். என் வார்த்தை தள்ளுபடியானால் அவன் தானாக விழுந்தவன் ஆகிவிடுவான், ஜெயிலுக்கும் போவான்.

உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று நினைத்தால் அதை எழுது. இல்லையென்று உண்மையிலேயே நம்பினால் அதையும் எழுது, ஆனால் எஸ்.ஐ.யின் காதில் சொல்லாமல் உன் பெயரைப் போட்டு எழுது. குழந்தைகளுக்கு என் முத்தங்கள், ஜனனிக்கு ஆசி, நீ தீர்க்காயுசாய் இரு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். விசாரணை பங்குனியில் மறுபடி வருகிறது. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். காகிதத்தில், கையெழுத்திட்டு, பதில் எழுது.

உன் அம்மா,
ஸாவித்ரி