கடைசி ஃபிரிட்ஜில் வெள்ளை வால்

ஞாயிறு, ஆடி முதல் வாரம்

பக்கத்து வீட்டு முருகேசண்ணன் இன்று மாலை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். கப்பலூர் கம்பெனி வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவருக்குக் கப்பி என்கிற குட்டி வண்ண மீன்தான். பழைய ஃபிரிட்ஜ்களை மல்லாக்கப் படுக்கவைத்து, தண்ணீர் நிரப்பி வளர்க்கிறார்.

போன வருஷம் அவற்றில் ஒன்றில் வெள்ளை வாலோடு ஓர் ஆண் மீன் பிறந்தது. "அதையும் அதோட குஞ்சுகளையும் மத்த மீனெல்லாம் இருக்க பெரிய தொட்டில விடுங்கண்ணே, வெள்ளை சீக்கிரம் பரவிரும்" என்று விலங்கியல் டீச்சர் நான்தான் சொன்னேன். விட்டார். தொட்டியில் இன்றுவரை ஒரு வெள்ளை வால்கூடக் கிடையாது.

இன்று கடைசி ஃபிரிட்ஜின் வலையை விலக்கிக் காட்டினார். அத்தனையும் வெள்ளை வால். அந்த மீனின் குஞ்சுகளில் கொஞ்சத்தை மட்டும் தொட்டியில் விடாமல் அப்போதே இதில் தனியாக வைத்திருந்தாராம்.

"கூட்டத்துல விட்டா காணாமப் போயிருது டீச்சர். நாலஞ்சு மீனு இருக்க எடத்துலதான் புதுசு நெலைக்குது. நெலச்ச பெறகு மாசம் ரெண்டு மீன அடுத்த பெட்டில விடுறேன். அங்கயும் புடிச்சிருது."

சின்னக் கூட்டத்தில் சடுதி மாற்றம் நிலைத்து அடுத்த கூட்டத்துக்குப் பரவும் விதத்தைப் பத்து வருஷமாகப் போர்டில் வட்டமும் அம்புக்குறியுமாக வரைகிறேன். என் வட்டங்களை மனுஷன் மாடியில் வரிசையாகப் படுக்கப் போட்டிருக்கிறார். நான் சொல்லித்தருவது, அவருக்கு யோசனை சொன்ன அன்று எனக்கே ஞாபகம் வரவில்லை.

என் யோசனை தப்பானது பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வலையை மூடிவிட்டு, "அடுத்து என்ன செய்யட்டும் டீச்சர்?" என்றார்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.