எனக்காக நடந்த கால்

இன்று காலை உன் மகள் வேலிக்கு மேலால் ஒரு கண்ணாடியை நீட்டினாள். உள்ளங்கை அகலம், சிவப்புப் பிளாஸ்டிக் சட்டம். "அம்மாட அலுமாரிக்குள்ள கிடந்திச்சு, பெரியம்மா. இது உங்கடதானே?" என்றாள். வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பகல் முழுதும் அந்தப் பக்கம் போகவில்லை. தேத்தண்ணீர்கூட ஊற்றவில்லை. கண்ணாடிக்குப் பயந்த கிழவி என்று நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

நம் மண்டூரில் கல்யாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அந்தப் புண்ணியத்தில் ஐம்பத்தெட்டு வருடம் அயல்வீட்டுச் சிநேகிதிகளாக நீயும் நானும் ஒரே வேலியின் இரண்டு பக்கமும் இருந்தோம். கறி மாற்றினோம். மாதக்கணக்கில் கோபித்துக்கொண்டும் இருந்தோம். கடைசியில் இரத்தத்தில் சீனி ஏறும் வருத்தமும் ஒரே வருடத்தில் வந்தது. "இதுக்கும் நீ எனக்குப் போட்டியா கா?" என்று கேட்டாய். மாதம் ஒருமுறை பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடி வாவியைக் கடந்து கிளினிக்குக்குப் போவோம்.

அங்கேதான் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் சொன்னார். உங்கள் கால்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது, முள் குத்தினாலும் தெரியாது, தினமும் பின்னேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், விரல் இடுக்கில் ஈரத்தை ஒற்றுங்கள், உள்ளங்காலை வடிவாகப் பாருங்கள் என்று. இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் செய்யவில்லை. வந்து தங்கின மாமியார்மாரின் கால்களைப் பிடித்துவிட்டவர்கள் நாம். பிள்ளைகளின் சிரங்கைக் கழுவினோம், மனுசன் வயல்வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு வந்தால் தண்ணீர் எடுத்து வைத்தோம். சொந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பார்ப்பது மட்டும் ஏனோ வெட்கமாக இருந்தது. வேலை இல்லாதவள் செய்கிற காரியம் என்று பட்டது.

வழி கண்டுபிடித்தவள் நீதான். "ஒன்ட கால நான் பாக்கன், என்ட கால நீ பாரு. அப்ப வெக்கமில்லத்தானே?" என்றாய். ஆறு மணிக்கு, விளக்கு வைக்க முதல், உன் கிணற்றடியில் பேசின் வைத்து உட்காருவோம். நாலு வருடம் ஒரு நாளும் தப்பவில்லை. என் குதிக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். "மழ காணாத வயல்போல வெடிச்சுக் கிடக்கு. எண்ணெய் வைக்கிறதுக்கென்ன? ஊருக்கெல்லாம் வடிக்கிற எண்ணெயில ஒரு சொட்டு ஒனக்கு ஆகாதா கா?" என்று ஏசிக்கொண்டே நீயே பூசிவிடுவாய். உன் காலை நான் பார்த்தேன். எனக்கு என் மேல் அக்கறை இருந்ததோ என்னவோ, உன் காலில் ஒரு கீறலைக்கூட நான் விட்டதில்லை.

அதன் பிறகு எனக்கு டெங்கு வந்தது. இனி ஒன்றும் சொல்ல முடியாது என்று டொக்டர் கைவிரித்த அன்று, நீ முருகன் கோயில் வாசலில் நின்று நேர்ந்தாய்: அவள் எழும்பினால் செருப்பில்லாமல் கதிர்காமத்துக்கு நடந்து வருவேன். நான் எழும்பினேன்.

ஆடித் திருவிழாவுக்கு யாத்திரை புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது உன் மகள் என்னிடம் வந்து அழுதாள். "பெரியம்மா, அம்மாட காலுக்கு இது சரிவராது. நேத்திய மாத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா." மாற்றலாம். அன்னதானம் கொடுத்து, காணிக்கை போட்டு மாற்றினவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நானும் வந்து சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். "பஸ்ஸில போனா என்னகா?" என்று ஒரே ஒரு தரம், உன் முகத்தைப் பார்க்காமல். "நேந்தத மாத்த ஒண்ணா கா," என்றாய். "ஓம், அதுவும் சரிதான்," என்று எழும்பி வந்துவிட்டேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நீ எங்கே சம்மதித்துவிடுவாயோ என்று பயந்தேன். நேர்த்தி தவறினால் காய்ச்சல் திரும்பி வரும், இந்தமுறை விடாது என்று பயந்தேன். நீ நடக்க வேண்டுமென்று நான் விரும்பினேன். உயிரோடு இருக்க எனக்கு அவ்வளவு ஆசை.

ஆசையை மறைக்கத்தான் அந்தக் கண்ணாடியை வாங்கி உன் பைக்குள் வைத்தேன். "காட்டுக்க ஒன்ட கால ஆரு பாக்கிற? நீயே பாத்துக்க," என்றேன். உகந்தை கடந்து காட்டுக்குள் ஐந்து நாள் நடந்தாய். ஊருக்குத் திரும்பி வந்து கிணற்றடியில் காலை நீட்டியபோது மணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. முள் உள்ளே இருந்து சீழ் பிடித்திருந்தது. உனக்கு நோகவே இல்லை. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிறகு காய்ச்சல் வந்தது, அது இறங்கவில்லை.

வார்ட்டில் உன் கட்டிலருகில் நான் அழுதபோது நீ சொன்னாய்: "நான் ஒவ்வொரு நாளும் கண்ணாடியில பாத்தன் கா. முள்ளு தெரியல்ல. ஒன்ட பிழ இல்ல." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் சோறு தின்றேன். இன்று உன் மகள் அதையும் வேலிக்கு மேலால் திருப்பித் தந்துவிட்டாள். யாத்திரை புறப்பட்ட நாளிலிருந்து அலுமாரியிலேயே கிடந்ததாம்; நீ கண்ணாடியைக் கொண்டே போகவில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடியின் பாரத்தைக்கூட நீ சுமக்கவில்லை. சாகக் கிடந்தபோதும் என் மனதைத்தான் பார்த்தாய். கோபம் வருகிறது. உன்மேலா என்மேலா என்று தெரியவில்லை.

நீ போன பிறகு நான் என் காலைப் பார்த்ததே இல்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. வெறும் காலோடு வீட்டு வளவெல்லாம் திரிந்தேன். புண் வரட்டும், உனக்கு வந்தது எனக்கும் வரட்டும் என்றிருந்தேன். அது தெரியாத என் மனுசன், "செருப்பப் போடன் புள்ள," என்று கத்திக்கொண்டே இருப்பார்.

இன்று பின்னேரம் பானைக்குப் பின்னால் இருந்து கண்ணாடியை எடுத்தேன். படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் பார்த்தேன். புண் இருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டே பார்த்தேன். ஒன்றும் இல்லை. குதி வெடித்திருக்கிறது, நகம் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எட்டு மாதம் நாய்க்குக்கூடக் காட்டாத அலட்சியத்தை நான் காட்டிய கால், ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருக்கிறது. அதைப் பார்த்து நான் அழுத அழுகையை யாரும் பார்க்கவில்லை.

அழுது முடிய, தண்ணீரைச் சுட வைத்தேன். முழங்கையால் சூடு பார்த்துக் கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் ஒற்றினேன். எண்ணெய் பூசும்போது என் கை படுவதை என்னால் தாங்க முடியவில்லை. அது உன் வேலை. ஆனாலும் பூசினேன்.

என்மேல் எனக்கு அன்பு வந்துவிட்டதென்று நினைத்துவிடாதே, அது வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் இந்தக் காலை அழிய விட்டால், நீ எனக்காக நடந்த நடையை நான் வீணாக்கினதாகும். அதற்கு எனக்குத் துணிவில்லை. நாளைக்கும் கழுவுவேன்.