நாக்கைத் தூக்கிக் காட்டியவனுக்கு

இன்று காலை புது லாட் பட்டு வந்தது. நம் சாயப்பட்டறை வழக்கப்படி ஒரே ஒரு கழி நூலை மட்டும் அரக்குச் சாயத்தில் முக்கி எடுத்தேன். வெளிறிப்போய் வந்தது. போன வாரத்து லாட்டில் இதே சாயம், இதே சூடு. அதில் நிறம் அடர்த்தியாக ஏறியிருந்தது. அண்டாவின் ஆவி முகத்தில் அடிக்க, உன் குரல் கேட்டது. "ஒரு கழி முக்கிப் பாக்காம மொத்தத்தையும் இறக்காதப்பா. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குணம் இருக்குது."

இருபது வருஷம் அந்த அண்டாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. மனச்சோர்வு நோயில் மனம் இருண்டதும் நம் இருவருக்கும் அடுத்தடுத்துதான். முதலில் எனக்கு வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒன்றரை மாதத்தில் எழுந்துவிட்டேன். மறுவருஷம் உனக்கு வந்தபோது அவரிடமே அழைத்துப் போனேன். அதே மாத்திரை, அதே அளவு. நீ எழவில்லை. கருட சேவைக்கு ஊரே தெருவில் நின்றது. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய்.

மாத்திரையைத் துப்புகிறாய் என்று நானே முடிவு கட்டினேன். "முழுங்கிக்கினுதாம்ப்பா இருக்கறேன்" என்றாய். நம்பவில்லை. தினமும் உன் வீட்டுக்கு வந்து, வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்றேன். ஐம்பது வயது மனிதன், மகள் எதிரிலேயே தூக்கிக் காட்டினாய். அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. டாக்டரிடம், "ஒழுங்கா சாப்புடறதில்ல சார்" என்று சொல்லி வைத்தேன். அவரும் மருந்தை மாற்றவில்லை. அடுத்த வருஷம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது, அந்த இருட்டோடேயே.

ஏனாத்தூர் கல்லூரியில் படிக்கும் உன் மகள் பவித்ராவுக்கு இப்போது அதே இருட்டு. சென்னையில் ஒரு டாக்டரம்மா உன் கதையைக் கேட்டுவிட்டு, அவள் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்.

"சிலரோட ஈரல் இந்த மருந்தை வேகமா கரைச்சு அனுப்பிடும். உடம்புல தங்காது. இவளுக்கு அப்படித்தான். அப்பாவுக்கும் இருந்திருக்கலாம். அதுவே முழுக்காரணம்னு சொல்ல முடியாது" என்றார். வேறு மருந்து எழுதினார்.

வரதர் கோயிலில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியைச் சின்ன வயதில் முதன்முதலாகப் பார்த்தபோது வந்த அதே வியப்பு எனக்கு. ஒரே மாத்திரைதான். என் உடம்பு அதைப் பொத்தி வைத்துக்கொண்டது. உன் உடம்பு, உனக்கே தெரியாமல், பிறக்கும்போதே எழுதி வைத்தபடி அதை விரட்டியிருக்கிறது! எத்தனை கோடிப் பேர், எத்தனை விதமான ஈரல். நினைக்க நினைக்கப் பிரமிப்பு அடங்கவில்லை. கூடவே வெட்கமும். ஒரு கழி நூலுக்குக் கொடுத்த மரியாதையை நான் உனக்குக் கொடுக்கவில்லையே.

இன்று பட்டறையிலிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். பவித்ரா புது மாத்திரையை விழுங்கினாள். விழுங்கியதும் என்னைப் பார்த்து வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கினாள்.

"வேணாம்மா."

"அப்பாகிட்ட தெனம் பாப்பீங்களே மாமா?"

"உங்கப்பா நெசமாத்தாம்மா முழுங்கினான்" என்றேன்.