ஈரத்தில் பார்த்த நிறம்

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் கையுறை வாங்க மறந்துவிட்டேன். சுண்ணாம்பு விரல் நுனிகளைத் தின்கிறது. சாப்பிடும்போது எரிந்தது. அம்மா பார்த்தாள், எண்ணெய் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். அப்புறம் ஹாலில் மாட்டியிருக்கும் என் பட்டச் சான்றிதழைத் துடைத்தாள், சத்தம் வரும்படி. இந்த வீட்டின் முதல் பட்டம். “இதை வாங்கிட்டு மண்ணு கொழைக்கப் போறவ நீ ஒருத்திதான்.”

அம்மாவோடு போட்ட ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. பூங்காக்களில் பழைய கட்டுமானங்களைப் பழுது பார்க்கக் கற்கும் எங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அது நானில்லை என்றால், சித்தப்பாவின் அலுவலகத்தில் நாற்காலி தயார்.

ஜூன் 6, வியாழன்

பூங்காக் குளத்தைச் சுற்றிய செங்கல் சுவரில் ஆளுக்கொரு பகுதி. உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டு, இடுக்குகளில் புதுச் சுண்ணாம்புச் சாந்து அடைக்க வேண்டும். சிமென்ட் கூடாது. அது ஈரத்தை வெளியே விடாது, கடைசியில் செங்கல்தான் உடையும்.

எனக்குக் கிடைத்தது வாசலுக்கு நேர் எதிர். கடைசி வரிசையில் உட்கார்ந்தே பட்டம் வாங்கியவளுக்கு இந்த இடம்! போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள்.

ஜூன் 7, வெள்ளி

எங்களுக்குச் சொல்லித்தரும் மேஸ்திரி அக்கா, கலவையை பிஸ்கட் மாதிரி தட்டிக் காய வைக்கச் சொன்னார். காய்ந்த பிறகே பழைய சாந்தோடு நிறம் ஒப்பிட வேண்டும். என் பிஸ்கட் ஈரத்திலேயே அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. எதற்குக் காத்திருக்க வேண்டும்? அடைத்துவிட்டேன். கை அருமையாக ஓடியது.

ஜூன் 8

தூறல். சுவருக்கு ஈரச் சாக்கு போர்த்தினோம்.

ஜூன் 12, புதன்

சாக்கை எடுத்தேன். வெள்ளை. பளீரென்று வெள்ளை. காய்ந்ததும் நிறம் வெளுத்துவிட்டது — அதற்காகத்தானே காய வைக்கச் சொன்னார்கள்?

தினமும் நடக்க வரும் வழுக்கைத்தலைக்காரர் நின்றார். “சுவரு இன்னிக்கு பல்லு தேச்சிருக்கு போல.” கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

என்னோடு பயிற்சியில் இருக்கும் நெட்டை, மெதுவாகச் சொன்னான்: “விடு. ரெண்டு மழை பெஞ்சா அழுக்கு ஏறி எல்லாம் ஒண்ணாயிடும். இப்ப வாயத் தொறந்தா உனக்கு வேலை இல்ல.” நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

ஆனால் சாந்து இப்போது இளசு. இறுகிவிட்டால் சுரண்டும்போது செங்கல் ஓரமும் சேர்ந்து போகும். நாளைக்குள் சொல்லணும். எப்படிச் சொல்றது? கழுத, நாலு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?

ஜூன் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். எல்லாரும் நிற்கும்போதே. நான்கு வருடக் கல்லூரியில் ஒரு கேள்விகூடக் கேட்காதவள்.

மேஸ்திரி அக்கா திட்டவில்லை. சுவரைப் பார்த்தார். “செங்கல் மூலை ஒடைஞ்சா?”

“உடையாதுக்கா.”

“யாரு சுரண்டறது?”

“நான்தான்.”

ஜூன் 15

சுரண்டி முடித்தேன். ஒரு மூலையும் உடையவில்லை. ஒன்றுகூட!

ஜூன் 22, சனி

கருவிக் கொட்டகை ஜன்னலில் என் பிஸ்கட்டுகள். ஒவ்வொன்றிலும் வேறு மணல். தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. தொடமாட்டேன். காயட்டும்.

ஜூலை 2, செவ்வாய்

பொருந்திய கலவையை மறுபடி அடைத்து, அதுவும் காய்ந்துவிட்டது. வழுக்கைத்தலைக்காரர் வந்தார். நேராக நடந்து போனார், குளத்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டே. சுவர் பக்கம் திரும்பவே இல்லை.

யாரும் பார்க்காமல் போனதற்கு இப்படி ஒரு சந்தோஷமா? வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

மேஸ்திரி அக்கா கூப்பிட்டார். அடுத்த மாதம் இசை மேடையின் தூண்கள், நிரந்தர வேலை, எனக்கு. “அந்த வெள்ளை பிஸ்கட்டத் தூக்கிப் போட்டுடாத. புதுசா வர்றவங்களுக்கு நீயே காட்டு.” நெட்டைக்கு வேறு பூங்காவில் ஆறு மாத வேலை. அவன்தான் முதலில் கை கொடுத்தான்.

அம்மாவிடம் சொன்னேன். ‘சரி’ என்றாள். அவ்வளவுதான். ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட ‘சரி’.

ஜூலை 14, ஞாயிறு

கேட்காமலே அம்மா செருப்பு மாட்டினாள். “எங்க, காட்டு.”

துணிக்கடைக்குக் கிழிசல் தைத்துத் தருபவள் அம்மா. கிழிந்த இடம் அவளுக்கே தெரியாதபடி இழையோட்டுவாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுவரோரமாக நடந்தாள், தையலைத் தடவுவதுபோல் கட்டைவிரலால் இடுக்குகளைத் தடவிக்கொண்டே. என் பகுதியைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் தாண்டினாள்.

“எங்கடி தச்சிருக்க?”

காட்டினேன். அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சரியாக அந்த இடத்தில், சுவர்மேல் ஏறி உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள்.

ஜூலை 15, திங்கள்

காலையில் சித்தப்பா போன். அம்மா எடுத்தாள். நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். “அவளுக்கு ஏது நேரம்? அந்தக் குளத்தைச் சுத்தி இருக்கற சுவரே எங்க பொண்ணு கட்டினதுதான்.”

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கையுறையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.