முப்பத்தோராவது பிள்ளை

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே வாய் கூசுகிறது. போனில் கூப்பிடலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டு வேறெதையாவது பேசிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வேலையை விட்டு நாலு மாதமாகிறது. மூன்றாம் வகுப்பு இப்போது என் தலையில். முகாமில் பிள்ளைகள் காட்டுக்குள் கண்ணை மூடி உட்கார்ந்து, கேட்ட சத்தத்தையெல்லாம் படமாக வரைந்தார்களே, அவற்றைச் சுவரிலிருந்து கிழிக்கச் சொல்லிவிட்டார் பெரிய டீச்சர். ஒருத்தன் மரங்கொத்திக்கு வெறும் புள்ளிகளாக வைத்திருந்தான். எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

முகாம், சுற்றுலா, களிமண் வேலை எல்லாவற்றுக்கும் தடை. போன வாரம் ஆற்றைப் பற்றிய பாடம். நீலச் சாக்பீசால் பலகையில் ஓர் ஆறு வரைந்தேன். "டீச்சர், இந்த ஆறு சத்தம் போடுமா?" என்று கேட்டது ஒரு குட்டி. அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.

ரேடியோ பள்ளிக்கு வருவதில்லை. ஓயாமல் பேசுகிறாள் என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான். இப்போது பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை

ஆகஸ்ட் 19

என் அருமைத் தங்கைக்கு,

உன்னைத் திட்ட என்னடி இருக்கிறது? கூடப் பிறக்காவிட்டாலும் பத்து வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் என்னைச் சும்மா உட்கார விடுவதில்லை, காய் நறுக்கச் சொல்கிறார். நறுக்கினால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கத்தரித்த மாதிரி இருக்கிறது என்று குறை வேறு.

வியாழக்கிழமைதோறும் ரேடியோவின் வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மா தையல்காரி. தடுக்கவும் மாட்டாள், முகம் பார்க்கவும் மாட்டாள். நான் கதவோரம் உட்கார்ந்து பிள்ளையோடு காகிதம் வெட்டி ஒட்டுவேன். அவள் பேசுவதே இல்லை. பசை வேண்டுமென்றால் விரலை நீட்டுகிறாள், அவ்வளவுதான்.

போன வியாழன் அந்த அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன் டீச்சர். முப்பத்தோரு பிள்ளைங்க. பஸ் கிளம்பறப்ப ஒருத்தர்கூடவா எண்ணிப் பாக்கல?"

"எண்ணல. தப்பு என்னுதுதான்" என்றேன்.

"காயவெச்ச மண் யானைய எடுக்கத்தான் ஓடியிருக்கா. திரும்பி வந்தா பஸ் இல்ல. பூட்டின முகாம் ஆபீஸ் படியில, மழையில, நாலு மணி நேரம் கத்தியிருக்கா. நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். பேனா தானாக எழுதிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஆகஸ்ட் 27

அக்கா,

எண்ணச் சொன்னது என்னை. நான் பஸ் படியில் நின்றிருந்தேன். தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா போன் செய்திருந்தாள். முன் சீட்டிலிருந்து நீங்கள், "எண்ணிட்டியாடி?" என்றீர்கள். "முப்பத்தொண்ணும் ஏறியாச்சுக்கா" என்றேன்.

பொய். நான் எண்ணவே இல்லை. என்னை நம்பி நோட்டில் கையெழுத்துப் போட்டீர்கள். விசாரணையில், "கையெழுத்து என்னுது, பொறுப்பும் என்னுது" என்று நீங்கள் சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் என் நகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முந்தாநாள் பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "முடிஞ்சுபோன ஃபைல எதுக்கு இப்பத் திறக்கறீங்க? போய் கிளாஸப் பாருங்க" என்றார். ராஜினாமாவை எழுதி அவர் மேசைமேல் வைத்துவிட்டு, நேராகத் தையல்கார அம்மாவின் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"இத்தனை மாசமா அந்தம்மாவையில்ல வாய்க்கு வந்தபடி சபிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "நீங்க போங்க" என்றார்.

ரேடியோ கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அக்கா, ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். மன்னித்தேன் என்றுகூட வேண்டாம். எதுவானாலும் சரி.

தங்கை

செப்டம்பர் 20

தங்கைக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

நீ போய்ச் சொன்ன மறுநாளே அந்த அம்மா பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே பிள்ளை, "தண்ணி" என்றாள். அந்த முகாமுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் சொல். இரண்டு பேரும் ஒரேயடியாக எழுந்து ஓடினோம், சமையலறை வாசலில் முட்டிக்கொண்டோம்.

ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், நீ போனில் சிரித்துப் பேசுவது எனக்குத் தெரிந்தது. எண்ணியிருக்க மாட்டாள் என்று மனசில் பட்டது. எழுந்து ஒருமுறை நானே எண்ணியிருக்கலாம். முழங்கால் வலி, எழவில்லை. அதனால்தான் பழியை ஏற்றுக்கொண்டேன். அதைத் தியாகம் என்று நினைத்துவிடாதே.

நீ சொன்னது சரி, செய்ததும் சரி. இனி என் மனசு லேசாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆகவில்லை. உன் பழியைச் சுமந்தவரை உன்மேல் எனக்குப் பாசம் ஒரு துளி குறையவில்லை. நீ வந்து அதை இறக்கி வைத்த பிறகுதான், அத்தனை நாளும் அதற்கு அடியில் கிடந்த கோபம் தெரிகிறது. பத்தொன்பது வருஷம் நான் நின்ற வகுப்பு அது. "என் தலையில்" என்று பாரம்போல எழுதினாயே, அதை என்னால் மறக்க முடியவில்லை. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் முடியவில்லை.

ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள். பிள்ளைகளுக்கு ஆள் வேண்டும். தடையை நீக்கச் சொல்லிக் கேள், நீ கேட்காவிட்டால் அங்கே வேறு யார் கேட்பார்கள்? எங்கேயாவது அவர்களை வெளியே கூட்டிப் போ.

எனக்கு மட்டும் எழுதாதே. ஆறிவிடும் என்று சொல்லி உன்னைக் காக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆறுமா என்று எனக்கே தெரியாது.

இப்படிக்கு,
உன்னோடு பத்து வருஷம் வேலை பார்த்தவள்