கம்பு என்று எழுதிவிட்டேன்

பட்டான்செரு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹம்சாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஹர்ஷிதாவும் கோயம்புத்தூரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. கோபத்தில் இருக்கிறேன், அதிலும் முதல் கோபம் உன்மேல்தான். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் காகிதம். உட்கார்ந்து முழுசாகப் படி.

எனக்கு எழுத வருகிறது, பிளாக் ஆரம்பி, ஆரம்பி என்று ஒரு வருஷமாக என் பிராணனை வாங்கியவள் நீ. உன் பெண்தான் போனிலேயே எதை அழுத்த வேண்டும், எதை அழுத்தக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். பெயர் வைத்து, போட்டோவும் போட்டாயிற்று. அப்புறம் பிடித்தது பார் உதறல். நான் என்ன பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவளா? செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து அப்பா சிலேட்டில் எழுதிக் காட்டிய தமிழ்தான். சின்ன ர எது, பெரிய ற எது என்று இன்றைக்கும் தடுமாற்றம். தமிழ்நாட்டில் யாராவது படித்துவிட்டு, இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று சிரித்தால்?

முதலில் நீளமாகத்தான் எழுதினேன். எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையைப் பற்றி. மஞ்சளாக நுரை கட்டிக்கொண்டு வருகிறது. அழுகின முட்டையும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு நாற்றம். கொடியில் காய்ந்த துணியை முகத்தருகே கொண்டுபோக முடியாது. வாயைத் திறந்தால் தொண்டைக்குள்ளேயே இறங்குகிறது, சீ, எழுதும்போதே குமட்டுகிறது. உன் அத்தானின் கம்பெனிச் சட்டையை நான் தனி வாளியில் ஊறப்போடுவதையும் எழுதினேன். மருந்துக்கு ரசாயனம் காய்ச்சுகிற இடத்தில் இத்தனை வருஷம் நின்று நின்று அவருக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டதையும் எழுதினேன்.

எழுதினதைப் படித்துப் பார்த்தேன், பயம் வந்துவிட்டது. சாக்கடையைச் சொன்னால் அசோசியேஷன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதை எடுத்தேன். கம்பெனியைச் சொன்னால் அவர் வேலைக்கு உலை வைக்கிற மாதிரி ஆகிவிடுமே? சட்டை, வாளி, எல்லாம் போயிற்று. மூக்கைப் பற்றி எழுதினால் மனுஷன் மனசு கஷ்டப்படுவார். எடுத்து எடுத்து, கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

எங்கள் வீட்டில் காலையிலும் கம்பு, சாயங்காலமும் கம்பு. வெள்ளிக்கிழமை சாம்பாரில்கூடக் கம்பு. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். காபி கலந்துகொண்டு வருவதற்குள் பாராட்டு வர ஆரம்பித்துவிட்டது. சர்க்கரைக்குக் கம்பு ரொம்ப நல்லது என்று ஒருத்தர். நாட்டுக் கம்பா, ஒட்டுக் கம்பா என்று இன்னொருத்தர். சிறுதானியத்தைக் கணவர் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடும் இல்லத்தரசி வாழ்க என்று ஒரு அம்மாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்ததிலிருந்து நாற்றத்துக்கு நாம் கம்பு என்றுதானே சொல்வோம்? அது தெலுங்கு வார்த்தை என்பதே எனக்கு உறைத்ததில்லை. சாக்ஸைக் கழற்று, கம்பு கொட்டுகிறது என்று அம்மா கத்துவாளே. நாம் சொல்லும்போது பு அழுத்தி விழும். தமிழ் எழுத்தில் போட்டால் தானியமாகிவிடுகிறது. அந்தத் தானியத்துக்கு இங்கே சஜ்ஜலு என்று பெயர், நாமும் அப்படியேதான் வாங்குகிறோம். கம்பு என்று திங்கிற பொருள் ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஊரார் தெரியாமல் சொன்னார்கள், போகட்டும். நீ என்ன எழுதினாய்? அக்கா சூப்பர், அடுத்து கம்பு தோசை போடு, பக்கத்தில் ஒரு இதயம். உனக்குமா தெரியாது? அந்த வீட்டில் என்கூட ஒரே பாயில் படுத்தவள்தானே நீ? கோயம்புத்தூருக்குப் போனதும் வார்த்தையெல்லாம் மறந்துவிட்டதா, அல்லது நாலு வரியைக்கூடப் படிக்காமல் இதயத்தை அனுப்பினாயா? யாருக்காக உதறலோடு உதறலாக அழுத்தினேனோ, அவளே இப்படி. மற்ற எதையும்விட அதுதான் எனக்கு வெறுத்துப்போயிற்று.

மறுநாள் எங்கள் அசோசியேஷன் செகரட்டரி வெங்கட்ரமணன் வந்தார். நம்ம ஊர்த் தமிழர்தான், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கம்பு என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உன் அத்தான் பக்கம் திரும்பி, உமாசங்கர் சார் கொடுத்துவைத்தவர், மேடம் ஆரோக்கியமாக எழுதுகிறார்கள், இப்படியே எழுதட்டும், பிளாட் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், விலை இறங்கக் கூடாது பாருங்கள் என்றார். இவ்வளவையும் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். எதற்கு மூக்கைப் பொத்துகிறீர்கள் என்று கேட்டேன். ஜலதோஷமாம். தூ, என்ன மனுஷர்கள். அவர் குடித்த காபி டம்ளரைத் தேய்க்கும்போதுகூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

உன் அத்தானும் அதே பாட்டுத்தான். நக்கோ மாதங்கி, வேண்டாம், விட்டுவிடு, கம்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்றார். தன் மூக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், அது முன்னாடியே ரிட்டயராகிவிட்டது என்று ஜோக் அடிப்பார். நானும் சிரித்துத் தொலைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசனை என்று சொல்லட்டும், நான் ஏன் சொல்ல வேண்டும்?

மறுபடி உட்கார்ந்து, எடுத்ததையெல்லாம் திரும்ப எழுதினேன். கம்பு வந்த இடத்திலெல்லாம் நாற்றம் என்று போட்டேன். அவருக்கு லீவு நாள். ஊஞ்சலில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். சாக்கடையையும் சட்டையையும் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே கேட்டார். சாம்பார் வந்தது. வெள்ளிக்கிழமை அவர் சாப்பிட்டு ஷிப்டுக்குப் போன பிறகு நான் ஒரு வாய் போட்டு, சிங்க்கில் துப்பியதை எழுதியிருந்தேன். அவர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

"அன்னிக்கு சாம்பார் ஊசிப்போயிருந்துதா?"

அவருக்குத் தெரியவே தெரியாது, ஹம்சா. முதலில் போட்டதில் சாக்கடை நாற்றத்தைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் ஊற்றினேன் என்று நம்பிச் சாப்பிட்டிருக்கிறார். நான் தலையை ஆட்டினேன். எழுந்துபோய் வாசல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. ஐயோ, அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. திரும்பி வந்து, கம்பெனி பேரை மட்டும் எடுத்துவிடு, மீதி அப்படியே இருக்கட்டும் என்றார்.

போட்டுவிட்டேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே அழுத்தினேன். என் பெயர், என் மூஞ்சி, என் தமிழ். பெரிய ற எங்கெங்கே தப்போ தெரியாது. கம்புக்கு வந்த கூட்டத்தில் ஒரு ஈ, காக்காய்கூட இந்தப் பக்கம் வரவில்லை. வெங்கட்ரமணன் லிப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அது ஒரு நிம்மதி. இரண்டாவது மாடி நாகம்மா மட்டும், தமிழ் படிக்கத் தெரியாதவள், என்னைப் பிடித்து வாசிக்கச் சொல்லி, தெலுங்கில் அர்த்தம் கேட்டாள். பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றாள்.

அடுத்தது எழுதப்போகிறேன். தள்ளிப்போடவும் முடியாது. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், உன் அத்தானிடம் வாயைத் திறக்காதே. ஒரு வாரமாக எனக்கு நாற்றம் குறைந்த மாதிரி இருக்கிறது. நேற்று அவர் சட்டையை வெறும் கையால் எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். குமட்டவில்லை. சாக்கடையில் நுரை என்னவோ அப்படியேதான் இருக்கிறது.

பள்ளிக்கூட லீவு விட்டதும் ஹர்ஷிதாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வா. இதயம் வேண்டாம், கம்பு தோசை வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூக்கைப் பொத்தத் தோன்றினால், எங்கள் மனசு நோகுமே என்று பார்க்காமல் பொத்திக்கொள். எனக்கு அது போதும். உன் மூக்கு நன்றாக இருக்கட்டும், உன் வீடு மணக்கட்டும்.

ஆசிகளுடன்,
அக்கா மாதங்கி