மேடையில் சொல்லாமல் விட்ட பெயர்

அக்கா,

பத்தாவது பரீட்சை டியூட்டி. ஆறரை பஸ்ஸில் செங்கல்பட்டுக்குக் கிளம்புகிறேன். உன்னை எழுப்ப மனம் வரவில்லை. ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது, நேற்றைய மீன் குழம்பைச் சுட வைத்துக்கொள்.

உன்னை மதுராந்தகத்தில் உங்கள் வீட்டுக்கே திரும்ப அழைத்துப்போக மாமா பதினோரு மணிக்கு வருகிறாராம். நீ சொல்லவில்லை, அவர்தான் போனில் சொன்னார்.

பள்ளியில் எனக்கு எடுத்த பாராட்டு விழா முடிந்து வந்த அன்று, "எல்லாருக்கும் நன்றி சொன்னியே, என் பேரும் வரும்னு பாத்துகினே இருந்தேன்டி" என்றாய். மறந்துவிட்டேன் என்றேன். அது பொய், அக்கா.

மேடையில் பேச எழுதிப்போன தாளில் முதல் பெயரே உன்னுடையதுதான். 'மகாபலிபுரம் ஓட்டலில் பதினோரு வருஷம் பெட்ஷீட் துவைத்து என்னை டீச்சராக்கிய என் அக்கா மோகனா' என்று எழுதியிருந்தேன். எதிரே என்னோடு வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெட்கப்பட்டு அந்த வரியைத் தாண்டி, ஹெட்மாஸ்டர் பெயருக்குப் போய்விட்டேன். நீ மூன்றாவது வரிசையில், சோப்புத் தண்ணீரில் தோல் உரிந்த கைகளால் தட்டிக்கொண்டிருந்தாய்.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினேழு. உன் ஸ்கூல் பையை என் தோளில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாய். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. உன் மனசில் பாதிகூட எனக்கு இல்லை.

தேவி

பி.கு.: வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்காதே. உன்னோடு எடுத்துப் போ. என்னிடம் இன்னொன்று இருக்கிறது. எப்போது வந்தாலும் நீ யாரையும் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது.